திரும்பி நிற்கும் வேலை

போன மாதம் இரண்டு பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கான மாலை மையங்களில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்கள். ஆளுக்கொரு டேப்லட் வைத்திருந்தார்கள். பிள்ளை கேள்வி கேட்டால் அது மூன்று விநாடியில் பதில் சொல்லிவிடுமாம், படம் போட்டு, இனிமையான குரலில். "பதில் சொன்ன பிறகு பிள்ளை என்ன பண்ணுது?" என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எங்கள மாதிரி சும்மா இருக்கும் மேடம்" என்றாள் சின்னவள். அவள் தேறிவிடுவாள் என்று தோன்றியது.

வந்த காரியம் வேறு. "உங்க அனுபவத்துலேர்ந்து நல்லதா நாலு விஷயம் எழுதிக் குடுங்க மேடம். புதுசா வர்றவங்களுக்குப் பயிற்சியில படிச்சுக் காட்டலாம்" என்றார்கள். நீடாமங்கலத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் பதினெட்டு வருஷம் மாலை மையம் நடத்தியவள் நான். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. சரி என்று சொல்லி அனுப்பிவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நல்லதாக நாலு விஷயம் வரவில்லை. எழுதப் போனால் கௌசல்யா வந்து முன்னால் நிற்கிறாள். அந்தப் பிள்ளைக்கு நான் செய்ததை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னால், சொல்வதெல்லாம் பாதிப் பொய். அதனால் அதையே எழுதுகிறேன். படித்துக் காட்டுவதும் கிழித்துப் போடுவதும் அவர்கள் பாடு.

என் வீடு நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில். வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்தார், போய் ஆறு வருஷம் ஆகிறது. மகன் சிங்கப்பூரில். ஞாயிற்றுக்கிழமை பேசுவான், நன்றாகத்தான் பேசுவான், பேசி முடித்ததும் வீடு முன்னைவிட அமைதியாகிவிடும். அரை டம்ளர் அரிசி போட்டால் இரண்டு வேளைக்கு வருகிறது. இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது சாயங்காலம் நாலரை மணி. அந்த நேரத்துக்கு இன்றைக்கும் கை தானாக முகத்தைக் கழுவி, தலையை வாரி, பொட்டு வைத்துவிடுகிறது. வாசல் வரை வந்த பிறகுதான் போவதற்கு இடமில்லை என்பது உறைக்கும். திரும்பி உள்ளே போய் டிவியைப் போடுவேன், யாராவது பேசட்டும் என்று.

இந்த வேலைக்கு நான் வந்தது தற்செயல். பி.எஸ்சி. தாவரவியல் படித்துவிட்டு, கல்யாணமாகி, பையனுக்கு டிபன் கட்டிக்கொண்டிருந்தேன். தஞ்சாவூரில் ஓர் அறக்கட்டளை கிராமங்களில் பள்ளிக்கூடம் விட்ட பிறகு மையம் நடத்த ஆள் தேடியது. டியூஷன் மாதிரி இருக்கும் என்று நினைத்துப் போனேன். பத்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். அதில் எனக்கு இன்று நினைவிருப்பது ஃபேன் ஓடாத ஒரு ஹாலும், எலுமிச்சை சாதமும்தான். வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அருளப்பன் சார்.

அவர் எங்கள் பகுதி ஒருங்கிணைப்பாளர். ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவர், சொந்த ஊர் திருக்காட்டுப்பள்ளி. இரண்டு வாரத்துக்கு ஒரு புதன்கிழமை மொபெட்டில் வருவார். ரெஜிஸ்டரைக் கேட்க மாட்டார். பிள்ளைகளோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். டீ கொடுத்தால் வாங்கிப் பக்கத்தில் வைத்து, ஆடை படிந்து ஆறிப்போன பிறகு ஒரே மடக்கில் குடிப்பார். பாராட்டினதும் இல்லை, திட்டினதும் இல்லை. கிளம்பும்போது வண்டியில் உட்கார்ந்துகொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இன்னைக்கு நீங்க எத்தனை பதில் சொன்னீங்க?"

முதல் தடவை இந்தக் கேள்வியைக் கேட்டபோது பெருமையாக, "எல்லாத்துக்கும் சொல்லிட்டேன் சார்" என்றேன். அன்றைக்கு ஒரு பையன், டிராக்டருக்குப் பின்னாலேயே கொக்கு ஏன் போகிறது என்று கேட்டிருந்தான். உழும்போது புழு மேலே வரும், அதைத் தின்னப் போகிறது என்று போர்டில் படம் போட்டே விளக்கியிருந்தேன். சார் தலையை ஆட்டினார். "அவன் நாளைக்கு அந்தக் கொக்கைப் பார்ப்பானா?" என்று கேட்டுவிட்டு வண்டியை உதைத்தார்.

எனக்குக் கோபம் வந்தது. தெரிந்ததைச் சொன்னால் தப்பா என்று வீட்டுக்காரரிடம் இரவெல்லாம் புலம்பினேன். இருந்தாலும் வீம்புக்காக மறுநாள் பிள்ளைகளை வரப்பில் கூட்டிப்போய் உட்காரவைத்தேன். என்ன பார்க்கிறீர்களோ சொல்லுங்கள் என்றேன். ஒரு மணி நேரம் கழித்து ஒரு பெண், "மிஸ், வண்டி இன்னும் வயல்ல எறங்கவே இல்ல, சும்மா உறுமிக்கிட்டு நிக்குது. அதுக்குள்ள ஒம்போது கொக்கு வந்து காத்துக்கிட்டு இருக்கு" என்றாள். புழு இன்னும் வரவில்லை, கொக்கு வந்துவிட்டது. சத்தத்தைக் கேட்டே வந்திருக்கிறது. இது எனக்குத் தெரியாது. பட்டம் வாங்கிய எனக்குத் தெரியாததை ஒன்பது வயதுப் பிள்ளை வரப்பில் உட்கார்ந்து கண்டுபிடித்துவிட்டாள். அடுத்த புதன்கிழமை சார் கேட்டபோது, "ரெண்டு" என்றேன். "குறைஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதுதான் அவரிடம் நான் வாங்கிய பெரிய பாராட்டு.

மையம் நடந்தது ஒரு பழைய நெல் கிடங்கில். ஊரில் நிறைய நிலம் வைத்திருந்த ஒருவருடையது. அவர் வாடகை வாங்காமல் விட்டிருந்தார், இரண்டு ட்யூப் லைட்டும் ஒரு ஃபேனும் அவரே போட்டுக்கொடுத்தார். அவரைக் கிடங்குக்காரர் என்றுதான் ஊரில் சொல்வார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். நாற்பது பிள்ளைகள் வந்தார்கள். முதல் அரை மணி நேரம் வீட்டுப்பாடம், இல்லாவிட்டால் பெற்றவர்கள் அனுப்ப மாட்டார்கள். பிறகு சுண்டல். அதற்குப் பிறகுதான் எங்கள் வேலை.

ஒரு பக்கச் சுவரைக் கரும்பலகை வண்ணம் அடித்து வைத்திருந்தோம், அது கேள்விச் சுவர். யார் வேண்டுமானாலும் கேள்வி எழுதலாம். எழுதிய கேள்விக்கு ஒரு நாள் முழுக்க யாரும் பதில் சொல்லக் கூடாது, தெரிந்தவர்களும் கூடாது, முக்கியமாக நான் கூடாது. மறுநாள் ஒவ்வொருவரும் ஊகம் எழுத வேண்டும், ஏன் அப்படித் தோன்றுகிறது என்பதோடு. பிறகு, அதை எப்படிப் பார்த்துத் தெரிந்துகொள்வது என்று யோசிக்க வேண்டும். பார்த்ததைப் பேனாவால் எழுத வேண்டும். ரப்பர் கிடையாது. தப்பாகிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதலாம், அடித்தது படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். "முன்னாடி என்ன நெனச்சோம்னு மறைக்கக் கூடாது" என்பார் சார்.

இன்னொன்று இருந்தது. அளக்கிற வேலை எதுவானாலும், பிள்ளை அளவைப் பார்க்கிறபோது நான் திரும்பி நிற்க வேண்டும். ஸ்கேலோ தராசோ தெர்மாமீட்டரோ, என் கண்ணில் படவே கூடாது. "நீங்க பாத்தீங்கன்னா அது ஸ்கேலைப் பாக்காது, உங்க மூஞ்சியைப் பாக்கும்" என்று சார் சொல்லியிருந்தார். பிள்ளை மூன்று தடவை பார்த்து, எழுதி, நோட்டை மூடிய பிறகுதான் நான் திரும்பலாம். கேட்கச் சுலபமாக இருக்கும், செய்து பாருங்கள். பின்னால் ஒரு பிள்ளை திணறுகிறது, "மிஸ் இது சரியா?" என்று கேட்கிறது, நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஆரம்பத்தில் என் கழுத்தே வலித்தது. திரும்பி நிற்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பேன்.

கௌசல்யா வந்தபோது ஆறாம் வகுப்பு. எண்ணெய் வழிய இரட்டைப் பின்னல், எதையும் நம்பாத மாதிரி ஒரு பார்வை. அவள் அப்பா செல்வராசு வாய்க்காலின் கடைசியில், கடைமடையில், கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்குப் பயிர் செய்துகொண்டிருந்தார். அந்த வருஷம் அணை திறந்து பதினைந்து நாளைக்குப் பிறகு அவள் சுவரில் எழுதினாள்: "கிடங்குக்குப் பின்னால் வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடுகிறது. எங்கள் வயலுக்கு ஏன் வரவில்லை?"

ஊகங்கள் வந்தன. மண் குடித்துவிடுகிறது. ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டிருக்கிறது. நண்டு வளை வழியாக வடிந்துவிடுகிறது. நண்டு வளைக்குத்தான் ஓட்டு அதிகம். கௌசல்யா மட்டும், "தெரியவில்லை. அளந்தால் தெரியும்" என்று எழுதினாள்.

மூங்கில் குச்சி இரண்டு வெட்டி, விரற்கடைக்கு ஒரு கோடாகச் சிவப்புப் பெயின்ட் அடித்தோம். ஒன்றைக் கிடங்குக்குப் பின்னால் மதகடியில் நட்டோம். இன்னொன்றைக் கிடங்குக்காரரின் வயல்களைத் தாண்டி, கௌசல்யா வீட்டுக்குப் பக்கத்தில். அவர்கள் வயல் அங்கிருந்து இன்னும் கீழே, வாய்க்கால் முடிகிற இடத்தில். காலை ஏழரைக்கும் மாலை ஐந்துக்கும் பார்த்து எழுத வேண்டும். இரண்டாவது குச்சி கௌசல்யாவின் பொறுப்பு. எட்டு நாள் பார்த்தார்கள். மேலே எட்டுக் கோடு, கீழே ஏழு கோடு, தினமும் அதேதான். ஏழு கோடு தண்ணீர் போனால் கடைமடைக்கும் கொஞ்சமாவது வந்திருக்க வேண்டும். வரவில்லை. செல்வராசுவின் நாற்றங்கால் வெடித்துக்கொண்டிருந்தது.

எல்லோரும் சலித்துப் போனபோது கௌசல்யா எழுந்து, "மிஸ், நாம பாக்காத நேரத்துல வாய்க்கா என்ன பண்ணுது?" என்றாள்.

பதினெட்டு வருஷத்தில் பிள்ளைகள் கேட்டு எத்தனையோ ஆயிரம் கேள்விகள் என் காதில் விழுந்திருக்கின்றன. இதற்கு மேல் ஒன்று விழுந்ததில்லை. "எப்படிப் பார்ப்பே?" என்று மட்டும் கேட்டேன்.

மறுநாளிலிருந்து அப்பா வயலுக்குக் கிளம்பும்போது கூடவே எழுந்து, விடியற்காலை ஐந்து மணிக்கு டார்ச் அடித்துக் குச்சியைப் பார்த்தாள். இரண்டு கோடு. அடுத்த நாள் இரண்டு. மூன்றாம் நாளும் இரண்டு. ஏழரைக்குப் போய்ப் பார்த்தால் பழையபடி ஏழு. இரவில் எங்கேயோ தண்ணீர் நிற்கிறது, விடிந்ததும் திறந்துகொள்கிறது. பகலில் விடுகிற தண்ணீர் கடைமடைக்கு ஊர்ந்து சேர்வதற்குள் மறுபடி பொழுது சாய்ந்துவிடும். மேல் குச்சிக்கும் கீழ்க் குச்சிக்கும் நடுவே இருந்தது கிடங்குக்காரரின் வயல்கள் மட்டும்தான். இதை அவள் எழுதவில்லை. பார்த்ததை மட்டும் எழுதியிருந்தாள், நாங்கள் சொல்லிக்கொடுத்த மாதிரி.

மூன்று நாளோடு அவள் நிறுத்திக்கொண்டாள். நான்காம் நாள் விடியற்காலை நானும் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. ஸ்கூட்டியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு கோடு. கொஞ்ச தூரம் மேலே வாய்க்காலின் குறுக்கே மணல் மூட்டையும் வாழைத்தண்டும் கிடந்ததும் தெரிந்தது. பிள்ளை சரியாகப் பார்த்திருக்கிறாள் என்று அங்கேயே தனியாகச் சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அவமானமாக இருக்கிறது, ஏனென்றால் அதே நாள் சாயங்காலம்தான் அது நடந்தது.

கடைமடைக்காரர்கள் ஐந்தாறு பேர் வாய்க்காலைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கரிடம் போய் முறையிட்டிருக்கிறார்கள். ராத்திரியில் அடைக்கிறார்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று அவர் கேட்டிருக்கிறார். "எம் பொண்ணு நேரம் போட்டு எழுதி வச்சிருக்குங்க" என்று செல்வராசு சொல்லிவிட்டார். பிள்ளைகள் சுண்டல் தின்றுகொண்டிருந்தபோது எல்லோருமாக மையத்துக்கு வந்தார்கள். லஸ்கர், செல்வராசு, அவர் கூட்டாளிகள், கடைசியாகக் கிடங்குக்காரர்.

அவர் கோபமாக வரவில்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தார். ஃபேனை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். "என்னங்க, சத்தம் போடுதா? மாத்திடலாமா?" என்று கேட்டார். பிறகு நோட்டை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படித்தார்.

"நல்லா எழுதியிருக்கு பிள்ளை. ஆனா அஞ்சு மணின்னா இருட்டுங்களே. டார்ச் வெளிச்சத்துல தண்ணி பளபளங்கும். கோடு சரியாத் தெரியாது. சின்னப் பிள்ளை பாருங்க. நீங்க என்ன சொல்றீங்க மேடம்?"

நாற்பது பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். செல்வராசு என்னைப் பார்த்தார். அவர் கையில் துண்டை முறுக்கிக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. கௌசல்யா மட்டும் என்னைப் பார்க்கவில்லை, நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சந்தேகமே இல்லை.

எனக்கு அந்த நேரத்தில் தோன்றியதெல்லாம் இந்தக் கட்டடம் போய்விடும் என்பதுதான். கிராமத்தில் வேறு இடமில்லை. பள்ளிக்கூடத்தில் சாவி தர மாட்டோம் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். நாற்பது பிள்ளைகள், கேள்விச் சுவர், எல்லாம் ஒரு வார்த்தையில் போய்விடும். இப்படித்தான் நினைத்தேன். நாற்பது பிள்ளைகளுக்காக என்று சொன்னால் நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குப் பயம், அவ்வளவுதான். அந்த வேலை போய்விட்டால் மறுபடி வீட்டில் உட்கார வேண்டுமே என்கிற பயமும் அதில் இருந்தது.

"ஆமாங்க. இருட்டுல தப்பாத் தெரிஞ்சிருக்கலாம்" என்றேன்.

கௌசல்யா தலையைத் தூக்கினாள். "இல்ல மிஸ். நான் மூணு தடவ பாத்தேன்."

"மூணு தடவையும் தப்பாப் பாத்திருப்ப கௌசி."

அதோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை. கிடங்குக்காரர் நோட்டை என்னிடம் நீட்டினார். நான் பேனாவை எடுத்து, மூன்று நாள் அளவின் மேலும் கோடு இழுத்து, பக்கத்தில் "தவறான அளவு" என்று என் கையெழுத்தில் எழுதினேன். லஸ்கர் சரி என்று கிளம்பிவிட்டார். செல்வராசு மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கிடங்குக்காரர் போகும்போது மறக்காமல், நாளைக்கே ஃபேனுக்கு ஆள் அனுப்புவதாகச் சொன்னார். அனுப்பினார்.

அடுத்த புதன்கிழமை அருளப்பன் சார் வந்தார். நோட்டுகளைப் புரட்டிக்கொண்டே வந்தவர் அந்தப் பக்கத்தில் நின்றார். "இது உங்க கையெழுத்து."

"ஆமா சார்."

"நீங்க போய்ப் பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்."

"எத்தனை கோடு?"

"ரெண்டு" என்றேன்.

நோட்டை மூடி, அடுக்கில் இருந்த இடத்திலேயே வைத்தார். ஆறின டீயைக் குடித்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். வண்டியில் ஏறி உட்கார்ந்தார், கிளப்பினார், போய்விட்டார். எத்தனை பதில் சொன்னீர்கள் என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு நான்கு வருஷம் வந்துகொண்டிருந்தார். அந்தக் கேள்வியை என்னிடம் அவர் மறுபடி கேட்கவே இல்லை. பக்கத்து ஊர் மையங்களில் கேட்டுக்கொண்டிருந்தார் என்று தெரியும். பிறகு உடம்புக்கு முடியாமல் ஊரோடு இருந்துவிட்டார், இறந்தும் போனார். சாவுக்குப் போயிருந்தேன். சொல்ல வேண்டியதை அங்கேயும் யாரிடமும் சொல்லவில்லை.

கௌசல்யா இன்னும் இரண்டு மாதம்தான் வந்தாள். வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டு ஓரமாக உட்கார்ந்துவிடுவாள். ஒரு நாள் முளைவிட்ட பயறை அளக்கச் சொன்னேன். ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு, "மிஸ், நீங்களே பாருங்க" என்றாள். நான் திரும்பி நின்றிருந்தேன். அவள் நோட்டை மூடும் சத்தத்துக்காக வெகுநேரம் நின்றேன். திரும்பிப் பார்த்தபோது ஸ்கேலைப் பயறு மேலேயே வைத்துவிட்டு அவள் போய்விட்டிருந்தாள். ஏழாம் வகுப்புக்கு அவளை நன்னிலத்தில் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். செல்வராசு மறுபடி விதைத்து, எல்லோருக்கும் பிந்தி நடவு செய்தார். வழியில் பார்த்தால் வணக்கம் சொல்வார், நிற்க மாட்டார்.

மையம் நன்றாக நடந்தது. அதையும் சொல்ல வேண்டும். அறக்கட்டளையில் என் மையத்தைப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் ஆள் கூட்டி வந்தார்கள். கேள்விச் சுவரைப் படம் எடுத்தார்கள். கடைசி நாளில் சால்வை போட்டார்கள். பிள்ளைகளும் பெற்றவர்களுமாக நிறைந்திருந்த அந்தக் கிடங்கில் நான் இரண்டாவது தூணுக்குப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சுண்டல் தட்டோடு உட்காருகிற இடம் அது.

நான்கு மாதத்துக்கு முன் தலை சுற்றல் வந்தது. கடைத்தெருவில் ஒரு டாக்டரிடம் போனேன். முன்னறையில் இரண்டு நர்சுகள், ஒருவர் பெரியவர், ஒருத்தி சின்னவள். சின்னவள்தான் கையில் பட்டையைச் சுற்றி பிபி பார்த்தாள். பாதரசம் ஏறி இறங்குகிற பழைய கருவி. பார்த்துவிட்டு, "அக்கா, ஒரு தடவ வந்து பாருங்களேன்" என்று கூப்பிட்டாள். பெரியவர் வந்து மறுபடி காற்றடித்தார். எனக்கு முன்னால் இருந்தவருக்கும் அப்படித்தான். "இந்தப் பொண்ணு இருந்தா கையை ரெண்டு தடவ பிழிவாங்க" என்று பெஞ்சில் ஒருவர் அலுத்துக்கொண்டார். சின்னவள் என் பேர் கேட்டாள். வசந்தா என்றேன். சீட்டில் எழுதப் போனவள் நிமிர்ந்து பார்த்தாள். "மிஸ்?" என்றாள்.

இரட்டைப் பின்னல் ஒற்றையாகியிருந்தது. அந்தப் பார்வை இல்லை. கண் சட்டென்று தாழ்ந்துகொண்டது. கல்யாணமாகி நீடாமங்கலத்துக்கே வந்துவிட்டாளாம். எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள், உண்மையிலேயே சந்தோஷப்பட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏதாவது பேச வேண்டுமே என்று, "ஏன்மா ரெண்டு ரெண்டு தடவ பாக்குறீங்க?" என்று கேட்டேன்.

சிரித்தாள். "எனக்கு அளவு பாக்குறதுல தப்பு வரும் மிஸ். சின்ன வயசுலேயே அப்படித்தான். உங்களுக்குத் தெரியாததா?"

வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். மகனிடம்கூட அந்த வாரம் சரியாகப் பேசவில்லை. என்னம்மா உடம்பா என்றான், ஆமாம் என்றேன்.

அடுத்த மாதம் மருந்து தீர்வதற்கு முன்னாலேயே போனேன். அவள் பட்டையைச் சுற்றும்போது சொன்னேன். பெஞ்சில் எட்டுப் பேர் இருந்தார்கள். "கௌசி, அன்னைக்கு நீ சரியாத்தான் பாத்தே. அன்னைக்கு விடியக்காலை நானும் போய்ப் பாத்தேன். ரெண்டு கோடுதான் இருந்துச்சு."

பட்டையைப் பிடித்த கை நின்றது. "அப்பவே தெரியுமா மிஸ்?"

"தெரியும்."

"ஏன் மிஸ் அப்படிச் சொன்னீங்க?"

அவள் என்னிடம் கேள்வி கேட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. இதற்கு ஊகம் எழுதச் சொல்ல முடியாது. "பயந்துட்டேன்மா" என்றேன்.

பாதரசக் குழாயைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "எங்கப்பா அன்னைக்குத்தான் மிஸ் என்னைய முதல் தடவ அடிச்சாரு. ஊரு முன்னாடி தலைகுனிய வச்சிட்டேன்னு. நானும் நம்ம மேலதான் தப்புன்னு நெனச்சுக்கிட்டேன்." குரல் உயரவில்லை. காற்றடித்தாள், பார்த்தாள். பிறகு பழக்கம் விடாமல், "அக்கா, ஒரு தடவ வாங்களேன்" என்றாள்.

மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, கோபம் என்றும் சொல்லவில்லை. வெளியே வந்தபோது எனக்கு மனம் லேசாகிவிடவில்லை. சொல்லிவிட்டால் லேசாகும் என்பார்கள். பிள்ளைகளுக்கு எத்தனையோ நல்ல பழக்கங்களை ஏற்படுத்தப் பார்த்திருக்கிறேன். நிலைத்து நின்றதாகக் கண்ணால் பார்த்தது, அவள் அக்காவைக் கூப்பிடுகிற இந்தப் பழக்கம் ஒன்றுதான்.

போன வாரம் மறுபடி போனேன். மத்தியானம், கூட்டம் இல்லை. பெரிய நர்ஸ் சாப்பிடப் போயிருந்தார். கௌசல்யா பட்டையைச் சுற்றினாள். நான் கையை அவளிடம் கொடுத்துவிட்டு ஸ்டூலில் அப்படியே திரும்பி, சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டேன். காற்று ஏறியது, இறங்கியது. பேனா எழுதுகிற சத்தம் கேட்டது, நின்றது.

"மிஸ், அக்கா வர நேரமாவும். நீங்க ஒரு தடவ பாருங்களேன்."

"மாட்டேன்" என்றேன்.

வெளியே ஏதோ பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவள் மறுபடி காற்றடித்தாள். இன்னொரு தடவையும் அடித்தாள். கை வலித்தது. நான் திரும்பவில்லை. அந்தக் காலண்டரில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை சிவப்பில் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசியில் பேனா மறுபடி ஓடியது. சீட்டைக் கிழித்து என் கையில் மடித்து வைத்தாள். "டாக்டர்கிட்ட காட்டுங்க மிஸ்" என்றாள். யாரையும் கூப்பிடவில்லை.

டாக்டர் பார்த்துவிட்டு மாத்திரையை அரை கூட்டினார். வீட்டுக்கு நடந்தபோது கேட் மூடியிருந்தது. நின்ற இடத்தில் சீட்டைப் பிரித்தேன். மேல் அளவை 150 என்று எழுதி, ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் 156 என்று எழுதியிருந்தாள். அடித்தது நன்றாகப் படிக்கிற மாதிரி இருந்தது.

யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. அருளப்பன் சார் இல்லை, வீட்டுக்காரரும் இல்லை, சிங்கப்பூரில் இருக்கிறவனுக்கு இது என்னவென்று புரியாது. கேட்டில் இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு, ரயில் போகிற வரைக்கும் நின்றிருந்தேன்.